மனைவிக்கு நின்றுபோன இரண்டு ஞாயிறுகளைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
மு. தனகோடி (வயது 63),
பிள்ளையார் கோயில் தெரு, கருங்குழி,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு,
செங்கல்பட்டு.

பொருள்: பேத்தி சஹானாவை (வயது 5) மாதம் இருமுறை பார்க்க என் மனைவி சம்பூர்ணத்துக்குக் கிடைத்திருந்த அனுமதி என் செயலால் நின்றுபோனது – மீண்டும் வழங்கக் கோருதல் – எனக்கும் தனியே வாய்ப்பளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சமரசப் பேச்சில் கையெழுத்தான உடன்படிக்கை, ஜனவரி 2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழே எழுதியிருப்பதில் எனக்குப் பாதகமான செய்திகளும் உள்ளன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு எழுதிய முதல் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆகவே தாங்கள் பொறுமையுடன் முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் கருங்குழியில் சொந்தமாக ஒரு சிறிய லோடு வண்டி வைத்து ஓட்டி வருகிறேன். எங்களுக்கு ஒரே மகன், பார்த்திபன். சிறுசேரியில் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தவன். உடன் வேலை பார்த்த ரேணுகாவை மணந்தான். பெண் வேறு சாதி என்பதால் நான் திருமணத்துக்குப் போகவில்லை. என் மனைவி போனார். அப்போது தொடங்கியது எங்கள் வீட்டில் இரண்டு பக்கம்.

2. 2022 மார்ச் மாதம் பார்த்திபன் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். வயது முப்பத்தொன்று. குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. கருங்குழி வீட்டிலிருந்து உடலை எடுக்கும் நேரத்தில், ஊரார் முன்னிலையில் நான் ரேணுகாவைப் பார்த்து, "என் புள்ளய என்கிட்டேருந்து பிரிச்ச. இப்ப மொத்தமா அனுப்பி வச்சிட்ட" என்று சொன்னேன். அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றே கோவளத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். காரியத்துக்கும் வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் என் மனைவியும் தம்பி வீடு உள்ள சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். எங்களுக்குள் விவாகரத்து ஏதுமில்லை. பேச்சில்லை, அவ்வளவுதான்.

3. பேத்தியைப் பார்க்க வழி செய்யும்படி என் மனைவி தங்கள் அலுவலகத்துக்கு மனு கொடுத்தார். அதில் என் பெயரையும் சேர்த்தே எழுதியிருந்தார். எனக்கும் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். மருமகள் எதிரில் போய் உட்கார்ந்து, "பேத்தியைக் காட்டு" என்று கேட்பதா என்கிற வீம்பு. பேச்சு நடந்த மூன்று நாளும் மதுராந்தகத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆகவே உடன்படிக்கையில் என் மனைவி பெயர் மட்டும் உள்ளது. ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை, மாமல்லபுரம் பூங்காவில், தாய் உடனிருக்க. "வேறு உறவினர் எவரும் வரக்கூடாது" என்பது நான்காவது நிபந்தனை. அது என்னைக் குறித்து எழுதியது என்பது எனக்குத் தெரியும்.

4. இந்த ஏற்பாடு ஜூன் மாதம் வரை எனக்குத் தெரியாது. ஷேர் ஆட்டோ ஓட்டும் கார்த்தி என்பவர்தான் டீக்கடையில் சொன்னார்: "இன்னா அண்ணாத்த, உங்க வூட்டம்மா பேத்திய இடுப்புல வச்சிகினு மாபலிபுரத்துல சுத்திகினு கீறாங்க. நீ இங்க டீ குட்சிகினு கீற?" அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய், தங்கள் அலுவலகத்தில் உடன்படிக்கையின் நகல் வாங்கிப் படித்தேன்.

5. அதற்கடுத்து, அனுமதி இருந்த நான்கு ஞாயிறுகள் மாமல்லபுரம் போனேன். சாலையின் எதிர்ப்புறம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நிபந்தனையை நான் மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மனைவி டப்பாவைத் திறந்து இட்லி ஊட்டுவார். குழந்தை எண்ணெய்க் கையை அவள் புடவையில் துடைக்கும். அது நான் வாங்கிக் கொடுத்த புடவை. என்னை விட்டுப் போன பிறகும் அதைக் கட்டிக்கொண்டு, நான் பார்க்காத குழந்தைக்குக் கை துடைக்கக் கொடுக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஜூலை இருபதாம் தேதி ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி எண்ணினேன். மூன்று மணி நேரத்தில் பதினொரு முறை "ஆயா" என்று கூப்பிட்டது. பார்த்திபனும் சிறுவயதில் இப்படித்தான். அம்மா இருந்தால் என் பக்கம் திரும்பமாட்டான். மகனும் அவளுக்கு, மகனின் மகளும் அவளுக்கா என்று தோன்றியது. அன்று மாலையே தங்களுக்கு ஒரு மனு எழுதினேன். எனக்கும் அனுமதி தர வேண்டும், இல்லையேல் அவளுக்கும் தரக்கூடாது என்பது அதன் சாரம். அதுதான் நான் கிழித்த மனு.

6. 17.08.2025 ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். சோப்பு நுரைக் குமிழி ஊதும் விளையாட்டுச் சாமான் ஒன்றை வாங்கிக்கொண்டு, ரேணுகா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன சமயம் பார்த்து பூங்காவுக்குள் போனேன். என் மனைவி பார்த்துவிட்டார். எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"கிட்ட வராத. உன் கால்ல வேணா வுழறேன். நீ வந்தா எனக்கும் பூடும்."

"போவட்டுமே. எனக்கு இல்லாதது உனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

இதை நான்தான் சொன்னேன். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆயா, யாரு இந்தத் தாத்தா?" என்று கேட்டது. என் மனைவி ரேணுகா போன திக்கைப் பார்த்துக்கொண்டே, "யாருமில்ல கண்ணு, லோடு வண்டிக்காரரு" என்றார். பயத்தில் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தேன். கடத்திப்போகும் எண்ணம் சத்தியமாக இல்லை. முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு முறை ஆரன் அடிக்கவிட வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அலறியது. என் சட்டையைப் பிய்த்தது. சுற்றுலா வந்தவர்கள் கூடிவிட்டனர். ரேணுகா ஓடிவந்தார். கத்தவில்லை. "மாமா, கொழந்தய எறக்கி விடுங்க" என்று மட்டும் சொன்னார். இறக்கிவிட்டேன். இத்தனைக்குப் பிறகும் அந்தப் பெண் வாயிலிருந்து 'மாமா' என்றுதான் வந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

7. காவல் உதவி மையத்தில் விசாரித்தபோது நடந்ததை நானும் எழுதிக் கொடுத்தேன். ரேணுகா, "கேஸ் எதுவும் வேணாம். ஆனா இனிமே இவங்க யாரையும் நான் பாக்க விடமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார். அதன்படி என் மனைவிக்கும் நின்றுபோனது. குழந்தை சில நாட்கள் வேன்களைக் கண்டாலே அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

8. அந்த வாரக் கடைசியில் என் மனைவி கருங்குழிக்கு வந்தார். மூன்று ஆண்டுகளில் அதுவே முதல் முறை. வாசற்படி ஏறவில்லை. "மாசத்துல ரெண்டு நாயித்துக்கெழம, அது ஒண்ணுதான் எனக்கு இருந்துது. அத்தக்கூட பாத்து வயிறெரிஞ்சியே" என்றார். அதே பேருந்தில் திரும்பிவிட்டார். ஐயா, அன்று எனக்கு வருத்தம் வரவில்லை. இனி அவளுக்கும் இல்லை என்று ஒரு நிறைவு இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கக்கேடான இந்தச் செய்தியை எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் இதை மறைத்தால் மற்றதை நம்பும்படி தங்களிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

9. அக்டோபர் முதல் ஞாயிறன்று ஒரு ஓட்டலுக்கு வாழையிலைக் கட்டு இறக்க மாமல்லபுரம் போனேன். பூங்காவில் என் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா. குழந்தை இல்லை. ரேணுகா இல்லை. ஒரு மணிக்கு எழுந்து, டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். மூன்றாம் ஞாயிறும் போய்ப் பார்த்தேன். அப்படியேதான். அவளுக்கும் இல்லை என்பது எனக்கு இனிக்க வேண்டுமே, ஏன் இனிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு வண்டியிலேயே வெகுநேரம் இருந்தேன். பிறகு இறங்கி, அவர் நின்றிருந்த பேருந்து நிறுத்தத்துக்குப் போய், "மனு ஒண்ணு எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுது. எம்பேரு மொதல்ல வரணும்" என்றார்.

10. தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை என்று தனியாகச் சட்டம் இல்லை, குழந்தையின் நலனைப் பார்த்தே நீதிமன்றம் முடிவெடுக்கும் என்று சட்டத் தன்னார்வலர் திரு. ஜெபகுமார் விளக்கிச் சொன்னார். அப்படியானால் குழந்தையின் நலன் என்ன என்பதை நான்கு ஞாயிறுகள் என் கண்ணாலேயே பார்த்தவன் நான். அது என் மனைவியின் கையால் உண்டது, மடியில் தூங்கியது. அதைக் கெடுத்தது நான் ஒருவன். ஆகவே பின்வருவனவற்றைப் பணிந்து கோருகிறேன்.

அ) திருமதி சம்பூர்ணம் அவர்களுக்கு முன்பிருந்தபடியே இரண்டு ஞாயிறுகளை வழங்க, திருமதி ரேணுகாவை அழைத்துப் பேச வேண்டும். 17.08.2025 அன்று நடந்ததில் சம்பூர்ணத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதற்கு இம்மனுவே என் வாக்குமூலம்.

ஆ) அந்த ஞாயிறுகளில் பத்து முதல் ஒரு மணி வரை மாமல்லபுரம் எல்லைக்குள் வரமாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தரத் தயாராக உள்ளேன். மீறினால் தாங்கள் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

இ) 2022-இல் நான் சொன்ன வார்த்தைக்காக, தங்கள் முன்னிலையில் ரேணுகாவிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நாள் குறித்துத் தர வேண்டும். இம்முறை கடிதம் வந்தால் வந்துவிடுவேன்.

ஈ) அதன்பின் தாய் சம்மதித்தால், குழந்தைக்குப் பயம் தெளிந்திருந்தால், எனக்கும் வேறொரு நாளில் ஒரு மணி நேரம். தங்கள் அலுவலகத்திலேயே, அலுவலர் பார்வையிலேயே இருக்கலாம். தூக்கமாட்டேன். எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

நான்கையும் தர இயலாதெனில் முதலாவதை மட்டும் தந்தால் போதும். மனப்பூர்வமாக எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். அவள் மடியில் குழந்தை ஏறும் நேரத்தில் கருங்குழியில் எனக்கு எரியத்தான் செய்யும். அறுபத்து மூன்று வயதில் அது போய்விடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த முதல் ஞாயிறு டிசம்பர் ஏழாம் தேதி வருகிறது. தாங்கள் அதற்கு முன் ஆவன செய்தால் அவள் டப்பாவைத் திறப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மு. தனகோடி

இடம்: கருங்குழி
நாள்: 10.11.2025

இணைப்பு: உடன்படிக்கையின் நகல், ஆகஸ்ட் 17 அன்று காவல் உதவி மையத்தில் நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல்.