லீவர் எந்தப் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஆனால் பதினெட்டு வருடம் கழித்து நீ எழுதிய கடிதத்தின் முதல் வரியே ‘பெரியவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்’ என்று இருந்தது. அப்பா போய் நாலு வருடம் ஆகிறதே, யாரைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகுதான் உறைத்தது. அப்பா பிறப்பதற்கு முன்பே செய்த அந்த டிராக்டரை நம் வீட்டில் பெரியவர் என்றுதானே கூப்பிடுவோம். மனுஷிக்கு வராத கடிதம் வண்டிக்காக வந்திருக்கிறது. நல்லது.

கண்காட்சி நோட்டீஸையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். பழைய இயந்திரங்களின் ஊர்வலம், முன்னால் நம் பெரியவர், பக்கத்தில் அத்தானின் படம். ‘தன் கையாலேயே பழுது பார்த்துப் பாதுகாத்து வருபவர்’ என்று போட்டிருக்கிறது. தன் கையால் என்ற இடத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். என் எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பாய். இடது கையால் எழுதுகிறேன். ஒடிந்த வலது மணிக்கட்டு சேர்ந்த விதம் அப்படி. பேனாவைப் பிடித்தால் அரைப் பக்கத்தில் மரத்துப்போகும்.

உன் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் வேலையையும் வயிற்றெரிச்சலையும் வேண்டுமென்றே கலந்துதான் எழுதுகிறேன். ஒன்றை விட்டு ஒன்றை நீ பொறுக்கி எடுக்க முடியாது.

முதலில் டாங்கில் இருப்பதை முழுக்க வடித்துவிடச் சொல். இத்தனை வருடம் நின்றதில் அது பெட்ரோலாக இருக்காது, பிசினாக இருக்கும். குழாய்க்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் துரு கஞ்சி மாதிரி இறங்கும். கிளப்புவதற்குப் பெட்ரோல் சின்ன டாங்கில், ஓட்டுவதற்கு மண்ணெண்ணெய் பெரிய டாங்கில். இதை அத்தானுக்கு இரண்டு தடவை சொல். கல்யாணமான புதிதில் மாற்றி ஊற்றிவிட்டு, வண்டிக்கு என்ன கேடு என்று அரை நாள் உதைத்துக்கொண்டிருந்தவர் அவர். வயலில் வேலை செய்தவர்கள் முன்னால் நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிரிப்புக்கு என்ன விலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்தது கார்புரேட்டர். அதன் துளை தலைமுடி பருமன்தான் இருக்கும். அதை ஊசியால் குத்தக் கூடாது. மின்கம்பியில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, அதை விட்டு எடுத்துவிட்டு சைக்கிள் பம்பால் ஊதச் சொல். நான் இருபத்திரண்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. பட்டறையில் முதல் பெண் மெக்கானிக்காக என்னை எடுத்துக்கொள்வதாக இருந்தார்கள், நினைவிருக்கிறதா? கட்டுப் பிரித்த பிறகு போய் நின்றேன். ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக் காட்டச் சொன்னார் பட்டறைக்காரர். அது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “போய்ட்டு வாம்மா” என்றார். இப்போது உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். பாகத்தின் எண்ணைச் சொன்னால் அலமாரியைச் சொல்வேன். எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இருக்கிறார்.

பிறகு பொறியைக் கிளப்பும் மேக்னெட்டோ. மூடியைத் திறந்தால் இரண்டு பாயிண்டுகள் முட்டிக்கொண்டு நிற்கும். ஈரத்தில் கறுத்திருக்கும். உப்புத்தாளை வைத்து ஒரே ஒரு இழுப்பு, போதும். திறக்கும்போது இடைவெளி ஒரு தபால் அட்டை நுழையும் அளவு. பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இரும்பில் சாய்த்து வைத்து, வண்டிக்கு முன்னால் இருக்கும் ஹேண்டிலைச் சுற்றினால் நீலமாகப் பொறி வர வேண்டும். மஞ்சளாக வந்தால் ஒயரை எலி கடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் சரியானால் பெரியவர் எழுந்திருப்பார். மிச்சம் ஒன்றுதான். இதை மட்டும் அத்தானுக்கு வாசித்துக் காட்டாதே.

ஸ்டியரிங்குக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு லீவர் இருக்கிறது. அதை ஒரு பக்கம் தள்ளினால் பொறி தாமதமாக வரும், ஹேண்டில் சாதுவாகச் சுற்றும். மறுபக்கம் தள்ளினால் பொறி முந்திக்கொள்ளும். சுற்றுகிறவர் கையோடு ஹேண்டில் பின்னால் உதைக்கும். அன்று நான் ஹேண்டிலில் கை வைத்துக்கொண்டு, லீவர் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆசனத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், “சரியா இருக்கு, சுத்து” என்றார். ஆஸ்பத்திரியில், அப்படி ஒரு லீவர் இருப்பதே தனக்குத் தெரியாது, தான் எதுவும் சொல்லவே இல்லை என்றார். அன்று பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நீ என்பதால் உன்னைத்தான் அப்பா கேட்டார். நீ, “எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா, அவ எப்பவும் அவசரக்காரி” என்றாய். அத்தோடு என்னிடமிருந்த கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டார் அப்பா, பெரியவரும் அன்றோடு நின்றதுதான். அவர் போன செய்தியும் எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

எனவே எந்தப் பக்கம் எது என்று எழுத மாட்டேன். அன்று அவருக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டேன். நீ போய் அந்த லீவரை நட்ட நடுவில் நிறுத்தி வை. வாயைத் திறக்காதே. அவரே தள்ளட்டும், அவரே சுற்றட்டும். பக்கத்தில் நின்று பார். தெரியாமல் தப்பான பக்கம் தள்ளினால் கை போகும். அப்படியானால் பதினெட்டு வருடமாக ஒரு நிரபராதியைச் சபித்திருக்கிறேன் என்று ஆகும். அதற்காக அழுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சரியான பக்கம் தள்ளினால், யாரோடு குடும்பம் நடத்துகிறாய் என்று உனக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்.

அத்தானுடைய இரண்டு கைகளும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை


என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தையை எழுத எனக்கு இப்போது கை கூசுகிறது.

நீ சொன்னபடியே, லீவர் விஷயத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு வேலையை மட்டும் உரக்கச் சொன்னேன், மற்றதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். அவர் ஐந்து நாள் கொட்டகையிலேயே கிடந்தார். துரு நீ சொன்ன மாதிரியேதான் இறங்கியது. புகைக்குழாயில் எலி குட்டி போட்டிருந்தது. பொறி நீலமாக வந்த அன்று, “உன் தங்கச்சிக்கு வாய்தான் நீளம், மூளையும் கொஞ்சம் இருக்கு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படித்தான் இத்தனை வருடம் சிரித்துப் பழகிவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் அவர் முகம் கழுவப் போனபோது லீவரை நடுவில் நிறுத்தினேன். அவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நூறு தடவை தோன்றியது. அவர் கை ஒடிந்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். ஒடிய வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். உனக்குப் புரியுமா தெரியவில்லை, அவருக்கு அந்த லீவரைத் தெரியாமல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நடந்துகொண்டே, பார்க்கக்கூட இல்லை, ஒரு விரலால் லீவரை மேலே தள்ளிவிட்டு முன்னால் போனார். விளக்குச் சுவிட்சைத் தட்டுவது போலத் தட்டினார். அது எதுக்கு என்று கேட்டேன். “அப்படி வைக்கலைன்னா கையை ஒடச்சிடும்” என்றார். சொல்லிக்கொண்டே சுற்றினார். மூன்றாவது சுற்றில் பெரியவர் கிளம்பிவிட்டார்.

கொட்டகை முழுக்க நீலப் புகை. அவர் சந்தோஷத்தில் பானெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். நான், “அன்னிக்கு...” என்றேன். சத்தத்தில் கேட்கவில்லை, என்ன என்று காதில் கையை வைத்தார். “அன்னிக்கு ஏன் கீழ தள்ளினீங்க” என்று கத்தினேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அவ ரொம்ப ஆடினா. ஒரு தட்டு தட்டட்டும்னுதான் நெனச்சேன். ஒடையும்னு நெனக்கல” என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டியை நிறுத்த எனக்குத் தெரியாது. சின்ன டாங்க் காலியாகும் வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூடவே நின்றேன்.

மறுநாள் கண்காட்சிக்காரர் லாரியோடு வந்தார். உன் அத்தானும் வேட்டியை மாற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வாசலில் நின்றார். கண்காட்சிக்காரர் நோட்டீஸைக் காட்டி விவரமெல்லாம் சரிதானே என்று ஒப்புக்குக் கேட்டார். நான், இல்லை என்றேன். இதை ஓட வைத்தது என் தங்கை, அவள் கையை ஒடித்தவர் இவர், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னவள் நான் என்று, லாரியில் வந்த இரண்டு பேரும் கேட்க, வரிசையாகச் சொன்னேன். உன் அத்தான் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். லாரி காலியாகவே போயிற்று. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். எனக்குப் பாவமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கை ஒடிந்த அன்று எனக்குக் கேட்டது. நீ கேட்டதும் கேட்டது, அவர் சொன்னதும் கேட்டது. தெரியாமல் சொல்லியிருப்பார், பாவம், புதுசு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கல்யாணமாகி ஏழே மாதம். அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். உன் கைக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்து நீ ஊரை விட்டுப் போன நாள் வரை அந்தக் கையை ஒரு தடவைகூட நான் தொட்டுப் பார்க்கவில்லை.

என் சேலைகளை ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறேன். வர வேண்டாம் என்று நீ எழுதினால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன், உன்மேல் குறை சொல்ல மாட்டேன். வரலாம் என்றால், பேருந்தை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் எழுது. உன் வீடு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

உன்
அக்கா