விழித்த முதல் மணி நேரம்

செப்டம்பர் 9

அன்புள்ள மூட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாம் நலம். அங்கே நீயும் நலமாகத்தான் இருப்பாய். கரடி வித்தில் பிறந்தவனுக்குச் சளியா பிடிக்கப்போகிறது?

இன்று நான் ஓட்டும் பேருந்தில் ஒரு புதுப் பயணி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்றார். "என் தம்பி" என்றேன். மனிதர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு இவ்ளோ ரோமம் இல்லையே" என்றார். "அவன் அப்பா ஜாடை" என்றேன். ஆள் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எனக்கே பாவமாகப் போய்விட்டது. இவன் ஆய்வுக்கூடத்தில் மரபணு கோத்து உருவாக்கிய, கரடி மாதிரிக் குளிர்காலத்தில் தூங்கும் உறங்கி இனம், அந்தக் கூடத்தை இழுத்து மூடியபோது அங்கே குட்டிகளுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த எங்கள் அம்மா இவனைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று விளக்கினேன். "அப்போ தம்பிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நல்ல மனிதர்.

உன் கடிதம் கிடைத்தது. ஊசி போட்டுக்கொள்ள நீயாகவே பெயர் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் வண்டிச் சாவியைத் தூக்கிப்போட்டுப் பிடித்தேன். முதல் பனி விழுவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள் அல்லவா? ஒரே ஊசி, அப்புறம் ஆயுசுக்கும் உனக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. வாரக் கடைசியில் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடு. நீ பனிக்காலம் முழுக்கக் கட்டை மாதிரிக் கிடப்பதும், நான் சுவரோடு பேசிக்கொண்டிருப்பதும் போதும்.

அம்மாவின் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். கட்டிலை உன் நீளத்துக்கு நீட்டித் தரத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். "யாருக்கும்மா இவ்ளோ பெரிசு?" என்று கேட்டார். அவன் வந்ததும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு என்று எழுதத்தான் கை போகிறது. உனக்கு அது தேவையில்லை. கொஞ்சம் குறைத்துச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா

செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுரங்கப்பாதை மலையின் நடு வயிற்றுக்கு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து துளைத்து வருகிறவர்களின் இயந்திரச் சத்தம் பாறையில் காது வைத்தால் கேட்கிறது. எனக்கு இலையுதிர்காலப் பசி வந்துவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் சமையல்காரர் என்னைக் கண்டதும் கரண்டியைப் பின்னால் ஒளித்துக்கொள்கிறார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நேராகவே கேட்கிறேன்.

என்னோடு துளைப்பு இயந்திரம் ஓட்டுகிற ஒருத்தி இருக்கிறாள். எங்கள் இனம்தான். நாக்கு மட்டும் பாறையையே பிளந்துவிடும். போன வாரம் சாப்பிடும்போது, "நீ எதுக்கு ஊசி போட்டுக்கிற?" என்று கேட்டாள். நான் உடனே, "கூட இருக்கிறவங்க கூட இருக்கும்போதே நாமளும் முழிச்சிருக்கணும்" என்றேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "இது உன் பேச்சு இல்லையே. நீ இப்படி அழகா பேசுற ஆளா? யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. மற்ற எண்ணங்களுக்கெல்லாம் ஒரு பிறந்த இடம் இருக்கிறது. இதை இங்கே கேட்டேன், இதை இன்னாரோடு வாதாடித் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடிகிறது. இந்த ஊசி ஆசைக்கு மட்டும் தொடக்கமே இல்லை. வசந்தத்தில் கண் விழித்தபோதே அது உள்ளே உட்கார்ந்திருந்தது.

உனக்குத் தெரியாததை நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் கோபத்தில் தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றாக எழுதுகிறேன். விழித்த முதல் மணி நேரத்தில் எங்கள் காதில் விழுவதெல்லாம் எங்கள் சொந்த எண்ணம் போலவே பதிந்துவிடும். எங்களை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். எழுப்பும்போதே அந்த வருஷத்து உத்தரவையும் ஓதிவிட்டால் நாங்கள் எதிர்த்துப் பேச மாட்டோம் அல்லவா? அதனால்தான், விடுதலை கிடைத்ததும் எங்கள் ஆட்கள் எழுதிய சட்டத்தின் முதல் வரியே, தன்னை எழுப்புகிறவரை உறங்குகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. எழுப்புகிறவரும் வானிலை, வீட்டு நலம் தவிர வேறு பேசக் கூடாது.

நான் என்றைக்கும் உன்னைத்தான் தேர்ந்தெடுத்தேன். சின்ன வயதில் ஒருமுறை, "சட்டைப் பொத்தான் முதுகுப் பக்கம்தான் வரணும்" என்று விளையாட்டுக்குச் சொல்லிவிட்டாய். அந்த வருஷம் முழுக்க நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அம்மா உன்னைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகும் உன்னைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

இந்த வசந்தத்தில் அம்மா போன செய்தியை நீதான் சொன்னாய். அது நினைவிருக்கிறது. அதோடு வேறு ஏதாவது சொன்னாயா, அக்கா?

அன்புடன்,
தம்பி

அக்டோபர் 3

தம்பிக்கு,

சொன்னேன். இப்போது என்ன அதற்கு?

உன் இயந்திரக்காரிக்கு நாக்கு நீளம் என்றால் எனக்கும் ஒன்று இருக்கிறது. அவளிடம் இதையும் சொல். அம்மா போனது நடுப்பகலில். காலையில்கூட நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள், தலையணையை மாற்றச் சொன்னாள். நான் மாற்றிவிட்டுத் திரும்பினால் அம்மா இல்லை. உன் அறைக்குத்தான் முதலில் ஓடி வந்தேன். உன் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்திரிடா, அம்மாடா, எந்திரிடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்தேன். வந்தவர்களெல்லாம், "தம்பி எங்கே?" என்றார்கள். பனி உருகும் வரை அம்மாவைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் கிடையாது. அடைத்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டேன், நீ உள்ளே இருக்கிறாய் என்பதற்காக.

வசந்தத்தில் நீ கண்ணைத் திறந்தாய். அம்மா எங்கே என்று கேட்டாய். சொன்னேன். நீ அழுதாய். அதைப் பார்த்ததும் என் வாய் தானாக, "இனிமே தூங்காதேடா. கூட இருக்கிறவங்க கூட இருக்கும்போதே முழிச்சிருக்கணும். ஊசி வந்திருக்கு, போட்டுக்கோ" என்றது. முதல் மணி நேரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பெற்றவளைப் பறிகொடுத்தவள் ஒரு வார்த்தை சொன்னால் அது உத்தரவாகிவிடுமா? நான் உன்னைச் சுரங்கத்துக்கா துரத்தினேன்? வீட்டுக்குத்தானே கூப்பிட்டேன்? அந்த ஆய்வுக்கூடத்து ஆட்களையும் என்னையும் ஒரே தட்டில் வைத்து எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

ஊசியைப் போட்டுக்கொள். நான் சொன்னதற்காக வேண்டாம், எனக்காகப் போட்டுக்கொள். கட்டில் தயாராகிவிட்டது.

அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடந்தேன். நீ கதவுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்ற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பனிக்காலத்தில் நான் உன் கூட இருந்திருக்க வேண்டும். இதை யாரும் என் காதில் ஓதவில்லை, நானே சொல்கிறேன்.

ஆனால் ஊசிப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டேன்.

தூக்கம் என்றால் ஒன்றுமில்லாமல் போவது என்று நீ நினைக்கிறாய். உனக்கு அப்படித்தான். எங்களுக்கு அது போய்வருகிற ஓர் இடம். அங்கே பேச்சு கிடையாது, ஆனால் ஆட்கள் உண்டு. ஒரு வருஷத்தில் தாங்க முடியாமல் போனதையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவோம். அம்மாவை நான் இன்னும் அங்கே கொண்டுபோகவில்லை, அக்கா. வசந்தத்திலிருந்து சுமந்துகொண்டே திரிகிறேன். ஊசி போட்டுக்கொண்டால் அவளை இறக்கி வைக்க எனக்கு இடமே இருக்காது. என் முகத்தில் பார்த்த சிரிப்பை மன்னிக்க முடியவில்லை என்கிறாய். அப்போது அவள் போனது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்து ஆட்கள் எங்களை வெறுத்து அப்படிச் செய்யவில்லை. அவர்களும் நாங்கள் தேவைப்பட்டுத்தான் செய்தார்கள். நீயும் தேவைப்பட்டுத்தான் செய்தாய். பாசம் இருந்தது என்பதால் அது வேறாகிவிடாது. கடைசியில் என் எண்ணத்தில் எது என்னுடையது என்று தேடி நான் இந்த ஒரு மாதமாகப் பைத்தியம் பிடித்தவன் போல அலைந்தேன். உன்னை எனக்குப் பிடிக்கும் என்பதையும் எடுத்துப் பார்த்தேன், இதுவும் யாராவது ஓதியதா என்று. இல்லை. அதற்குப் பிறந்த இடங்கள் நிறைய இருக்கின்றன. அதில் மட்டும் சந்தேகம் இல்லை.

இந்த வருஷம் வீட்டுக்கு வரவில்லை. மலை மேலே எங்கள் ஆட்கள் கட்டியிருக்கும் உறங்குகூடத்தில் படுக்கிறேன். வசந்தத்தில் என்னை எழுப்ப இயந்திரக்காரியைக் கேட்டிருக்கிறேன். அவள் எங்கள் எல்லோருக்கும் முன்பே தானாக விழித்துவிடுவாள். "வானிலை மட்டும்தான் சொல்லுவேன், அதுவும் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

எழுப்புகிற பொறுப்பிலிருந்து உன்னை மாற்றிவிட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டியது நான்தான்.

கண் சொருகத் தொடங்கிவிட்டது. நீ பதில் எழுதினால் இந்த வருஷம் அதைப் படிக்க நான் விழித்திருக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள மூட்டைக்கு,

இந்தக் கடிதத்தை இயந்திரக்காரியின் பெயருக்குத்தான் அனுப்புகிறேன். உறை மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "எழுந்த அன்று கொடுக்க வேண்டாம். அவன் யாரோடாவது ஒரு சண்டை போடட்டும், அப்புறம் கொடுங்கள்." நான் சொல்வதை மறுக்க உனக்குத் தெம்பு வந்த பிறகு நீ இதைப் படிக்க வேண்டும்.

அக்டோபரில் உன் கடிதம் வந்ததும் நான் போட்ட ஆட்டத்தைத் தெருவே பார்த்தது. தச்சரைக் கூப்பிட்டு, "கட்டிலை எடுத்துட்டுப் போங்க" என்றேன். "வாசல் வழியா வராதும்மா, உள்ளேயே வச்சுத்தான் நீட்டினேன்" என்றார். அதனால் அதில் நான்தான் படுக்கிறேன். ஏகப்பட்ட இடம்.

இந்தப் பனிக்காலம் எப்படிப் போயிற்று என்று கேட்பாய். போயிற்று. முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பயணி, நம் அப்பா ஜாடையைச் சந்தேகித்தவர், ஒருநாள் ஏறினார். "தம்பி எப்படி இருக்காரு?" என்றார். "தூங்குறான்" என்றேன். "உங்களுக்குத் தனியா இருக்குமே" என்றார். அவ்வளவுதான், ஓட்டிக்கொண்டே அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். கடைசி நிறுத்தம் வரை நிறுத்தவில்லை. அவர் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. மறுநாள் அவரே வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து என் வண்டியில் ஏறினார். இப்போது நான் வாயை மூடினால்தான் பயணிகள் கோபப்படுகிறார்கள். போன வருஷமே நான் தட்டியிருக்க வேண்டியது உன் அறைக் கதவை அல்ல, ஊர்க் கதவை.

நீ எழுதியதில் ஒன்று சரி. நான் உத்தரவுதான் போட்டேன். துக்கத்தில் போட்டாலும் உத்தரவு உத்தரவுதான். உன் தலைக்குள் வீட்டுக்காரி மாதிரி நுழைந்துவிட்டேன். இனி உள்ளே இருந்து குரல் கேட்டால் அது என்னுடையது இல்லை. என் பேச்சு வெளியிலிருந்துதான் வரும், அதுவும் சத்தமாக.

இயந்திரக்காரியிடம் சொல், அவள் எழுப்புவதே இருக்கட்டும். அடுத்த வருஷமும் அப்படியே. நீ என்னைத் திரும்பத் தேர்ந்தெடுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுப்புகிறவளாக இருப்பதைவிட அக்காவாக இருப்பது எனக்குச் சௌகரியம். நினைத்ததையெல்லாம் பேசலாம், நீ எதையும் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவை அங்கே பத்திரமாக இறக்கி வைத்தாயா? அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. எனக்குத் தெரியாத அவளை நீதான் சொல்ல வேண்டும்.

மேலே தேதிக்குப் பக்கத்தில் "வீட்டுக்கு வா" என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். பிறந்ததிலிருந்து உன்னிடம் எதையும் நான் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. இப்போது கேட்கிறேன்.

வீட்டுக்கு வருகிறாயா?

அக்கா