கல்லறைக்கு வந்த பத்துப் பேர்

கோட்-சென்-லூக், மொன்றியல்
08.09.2024

அன்பான தங்கச்சி அக்னெஸ் அறிவது,

சுகம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. இருந்தும் விசாரிக்கிறேன். உமக்குப் போன் எடுத்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர். அதனால் எழுதுகிறேன்.

ரேச்சலைக் கட்டி, நான் யூதனாக மாறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் எங்களுக்குப் பெருநோன்பு. கடவுள், தனக்கு நாங்கள் செய்த பிழையைத்தான் அன்றைக்கு மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடமே போய்க் கேட்கவேண்டும். மூன்று முறை கேட்டும் அவர் இரங்காவிட்டால், கேட்டவனின் பாரம் இறங்கிவிடும் என்பது சட்டம்.

போன சனிக்கிழமை தொழுகைக்கூடத்தில் ஓர் இளம்பெண் எழுந்து, செத்த நம் பிள்ளைகளோடு காசாப் பிள்ளைகளின் பெயர்களையும் வாசிப்போம் என்றாள். பின்னாலிருந்து ஒருவர் அவளைத் துரோகி என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழில், என் குரலிலேயே கேட்டது.

2009இல் ஜோன்-தலோன் மண்டபத்தில், ஊரில் ஆமி கொன்ற பிள்ளைகளின் பெயர்களை ஊர்வலப் பதாகைகளில் எழுதிக்கொண்டிருந்தோம். சண்டைக்கென்று இயக்கம் பிடித்துப்போன பிள்ளைகளையும் எழுதுங்கள் என்று உம்முடைய புருஷன் அன்டன் கேட்டான். மைக் என் கையில் இருந்தது. கூடப் படித்தவனை முந்நூறு பேர் முன்னால் துரோகி என்றேன். என்னை மன்னித்துவிடும்.

உம் அண்ணை,
ஸ்ரீதரன்

பார்க் எக்ஸ்டென்ஷன்
15.09.2024

ஸ்ரீதரன் அண்ணை அறிய,

கடிதம் கிடைத்தது. பிடித்துப்போன பிள்ளைகள் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். அதில் ஒருவன் பிருந்தன். என் அக்காவின் மகன், பதினைந்து வயது. அன்டன் சொல்ல எழுந்தது அந்தப் பெயரைத்தான். அதற்குள் உங்கள் சொல் முந்திவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் மகள் கோபிகாவின் முதல் நற்கருணைக்கு நூற்றிருபது பேருக்குச் சமைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். அந்தக் கிழமை முழுக்கப் புரியாணி தின்றோம். அன்டன் செத்தபோது பெட்டி தூக்க ஆறு ஆண்கள் கிடைக்கவில்லை. செத்தவீடு நடத்தும் மலர்ச்சாலையில் வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் தூக்கினார்கள். உங்களிடமிருந்து ஒரு பூ வரவில்லை.

அந்தச் சொல் என்மேல் விழவில்லை, நான் மன்னிப்பதற்கு. அன்டனிடம் கேளுங்கள். செத்தவனிடம் கேட்க உங்கள் சட்டத்தில் வழி இருக்கிறதா?

இன்னொன்று. அந்தப் பெண்ணுக்காக நீங்கள் எழும்பினீர்களா? அதை எழுதவில்லையே.

அக்னெஸ்

கோட்-சென்-லூக்
19.09.2024

அன்புள்ள அக்னெஸ்,

வழி இருக்கிறது. எங்கள் மதகுரு ரபியிடம் கேட்டேன். பத்துப் பேரைக் கல்லறைக்குக் கூட்டிப்போய், இவனுக்கு நான் பிழை செய்தேன் என்று அவர்கள் கேட்கச் சொல்லவேண்டும். 29ஆம் தேதி ஞாயிறு, பகல் இரண்டு மணிக்குச் செய்கிறேன். நீரும் வந்து நில்லும். இரண்டாம் முறையாகக் கேட்கிறேன், மன்னியும்.

ஸ்ரீதரன்

பார்க் எக்ஸ்டென்ஷன்
23.09.2024

அண்ணை,

வருகிறேன். ஆனால் அந்தப் பத்துப் பேரும் அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களாக இருக்கவேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட காதுகள் இதையும் கேட்கட்டும். முந்நூறு பேரில் பத்துப் பேர்தானே, பெரிய காரியம் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இந்தமுறையும் நீங்கள் எழுதவில்லை.

அக்னெஸ்

பார்க் எக்ஸ்டென்ஷன்
30.09.2024

அண்ணை,

நேற்று வந்த பத்துப் பேரும் நல்ல மனிதர்கள். தூறல் விழுந்தபோது ஒரு கிழவர் தான் நனைந்துகொண்டு எனக்குக் குடை பிடித்தார். ஆனால் ஒருவர்கூடத் தமிழர் இல்லை, எல்லோரும் உங்கள் தொழுகைக்கூடத்து ஆட்கள். அன்டனை அவர்கள் கண்டதில்லை. நீங்கள் ஆங்கிலத்தில் பிழையைச் சொன்னீர்கள். 'உனக்கு மன்னிப்பு உண்டு' என்று அவர்கள் மூன்று தரம் சேர்ந்து சொன்னார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளிக் கொடுத்தார்கள்.

அன்டன் தரவேண்டியதை அவர்கள் தந்தார்கள். அதனால்தான் சொல்லாமல் திரும்பினேன்.

மண்டபத்து ஆட்கள் மறுத்துவிட்டார்களா? மறுத்தவர்கள் யார் யார் என்றாவது எழுதுங்கள். பதினைந்து வருடம் கழித்தும் அன்டனுக்காக ஒரு மணித்தியாலம் நிற்க மாட்டாதவர்களை நான் அறிந்துகொள்ள வேண்டும்.

அக்னெஸ்

கோட்-சென்-லூக்
11.10.2024

அக்னெஸ்,

ஒருவரும் மறுக்கவில்லை. நான் ஒருவரையும் கேட்கவில்லை.

இரவிச்சந்திரனிடம் மட்டும் போனேன். அன்றைக்கு மேடையில் என் பக்கத்தில் இருந்தவன். "என்ன மச்சான், கனகாலம் காணேல்லை. உள்ளுக்கு வாவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றான். குடித்தேன். மகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தான், என்னை முன்னுக்கு நின்று நடத்தித் தரச் சொன்னான். அன்டனின் பெயரைச் சொல்லாமலே எழும்பி வந்தேன். சொல்லியிருந்தால் விடிவதற்குள் நானும் துரோகி. எனக்குப் பயம் அக்னெஸ். அன்டனுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்காகவும் நான் எழும்பவில்லை. புத்தகத்தில் பக்கம் தேடுகிறவன்போலக் குனிந்திருந்தேன். அவள் இப்போது வருவதில்லை.

இது என் மூன்றாவது கடிதம். இதிலும் கேட்டுவிட்டால் சட்டப்படி பாரம் இறங்கிவிடும். அதனால் கேட்கவில்லை.

இன்று மாலை நோன்பு தொடங்குகிறது. ரேச்சல் முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். வாசலில் எல்லோரும் கை கொடுப்பார்கள். நாளன்றைக்கு, ஞாயிறு, இரவிச்சந்திரனுடைய மகளின் தாலிக்குப் பொன்னுருக்கு, அங்கேயும் கை கொடுப்பார்கள். இரண்டு இடத்திலும் எனக்கு இன்னமும் நல்ல பெயர்.

ஸ்ரீதரன்