சீரியஸ் என்றால் சீரியஸ்

மார்ச் 3

மத்தியானத் தூக்கம் போச்சு. அக்கா மகன் போன். "மாமா, நீங்க தந்திக்காரப் பையனா சைக்கிள் மிதிச்ச கதையெல்லாம் சொல்லுங்க, பதிவு பண்ணி வைக்கிறேன்" என்றான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. துரத்திய நாய்களைச் சொன்னேன். என் காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகளைச் சொன்னேன். ஒரு அம்மாள் உறையைப் பார்த்ததுமே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்க பையன் பரீட்சையில பாஸும்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவழியாகக் காதில் விழுந்ததும் பளாரென்று ஒன்று விட்டாள். "முன்னாடியே சொல்றதுக்கென்னடா!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு நின்றிருக்கலாம். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "அந்த சீரியஸ் கதையைச் சொல்லச் சொல்லு! அதை மட்டும் முழுங்கிடுவான்!"

போனை வைத்துவிட்டேன்.

"உங்களுக்கு மூக்குக்கு மேல கோபம்" என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும்.

மார்ச் 4

மனசு ஆறவில்லை. சரி, அந்தக் கதையை நானே எழுதி வைக்கிறேன். அக்கா சொல்கிற மாதிரி இல்லாமல்.

அப்போது மீசை கூட முளைக்கவில்லை எனக்கு. அக்கா வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போனேன். படிக்கத் தெரியாத வீடுகளில் தந்தியை நானே பிரித்துப் படிக்க வேண்டும். 'இறந்துவிட்டார்' என்று யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள். வருகிறவர்கள் பாதி வழியில் மயங்கி விழுந்துவிடுவார்களாம். அதனால் 'சீரியஸ், உடனே வா.' நானும் "சீரியஸ்தானாம், கிளம்புங்க" என்பேன். அவர்கள் ஊர் போய்த் திரும்பிவந்து என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! நான் கொண்டுபோனவரை சீரியஸ் என்றால் செத்தாச்சு. ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அக்கா பேருக்கே வந்தது. 'அப்பா சீரியஸ், உடனே வா.' ஊரிலிருந்து சித்தப்பா அடித்தது. போட்டது போட்டபடி ஸ்டேஷனுக்கு ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஓடாதக்கா. சீரியஸ்னா... முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

வேறு எந்த வீட்டிலும் நான் உடைத்துச் சொன்னதில்லை. என் அக்கா வழியெல்லாம் நம்பி நம்பிப் போய் ஏமாற வேண்டாமே என்றுதான். சாயங்கால வண்டியை விட்டுவிட்டு, அழுது ஓய்ந்து, காலை வண்டியில் போனோம்.

அப்பா அன்று விடியற்காலையில்தான் போயிருந்தார். ராத்திரி முழுக்க, "பிள்ளைங்க வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

தப்பு யாருடையது? ஊரே பொய்யாய் அடித்து அடித்து அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டது. ஒரே ஒரு நாள் அது நிஜம் பேசியது. அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கல்யாணம், காட்சி, எங்கே நாலு பேர் கூடினாலும் அக்கா இந்தக் கதையை எடுக்கிறாள். ஏன், எனக்கு அவர் அப்பா இல்லையா? நானுந்தானே பாக்கல? அதை ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க?

மார்ச் 9

அக்கா மகன் போன் செய்தான். எடுக்கவில்லை.

மார்ச் 17

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

காலையில் அக்கா மகனிடமிருந்து செல்லில் செய்தி: 'அம்மா சீரியஸ். உடனே வாங்க.'

புரிந்துவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். "அவசரமில்ல, நாளைக்குப் போலாம். முடிஞ்சுபோச்சு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் அவங்களை உக்கார வெச்சீங்களா?"

என்ன பேச்சு இது! செருப்பை மாட்டினேன்.

ஆனாலும் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு மலர்வளையம் வாங்கிவிட்டேன். பழக்கம் யாரை விட்டது? காகிதம் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். பக்கத்து ஸீட்காரர் ஒதுங்கி உட்காருகிறார். ஏன் இந்த டிரைவர் இப்படி ஊர்ந்துகிட்டுப் போறான்? கொஞ்சம் மிதிய்யா!

மார்ச் 18

உயிரோடு இருக்கிறாள். மாரடைப்பு. மூக்கில் குழாய், நெஞ்சில் ஒயர். வாய் மட்டும் அப்படியே.

"காகிதத்துல என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"பிரி."

பிரித்தேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அக்கா மகன் முறைத்தான். "சீரியஸ்னா சீரியஸ்தானே மாமா? வேற என்ன அர்த்தம்?" அக்கா வாயால் அத்தனை தரம் கேட்டும் புரியாதவனுக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

அக்கா சிரிக்கவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டேன்னுதானே நினைச்ச? அப்புறம் எதுக்குடா உடனே ஓடி வந்த?"

"ஒருவேளை..." என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 6

அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று அவள் மகன் மூலம்தான் தெரியும். அவளாகப் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. அத்தனை தூரம் ஓடியதற்கு ஒரு நல்ல சொல் உண்டா? எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இன்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது செல் கத்தியது. அக்காவின் நம்பர்.

'அக்கா சீரியஸ். உடனே வா. வளையம் வேண்டாம்.'

திமிரைப் பார். மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "காலையில முதல் பஸ்ல போலாமா?" என்றாள்.

"சாயங்காலமே ஒரு வண்டி இருக்கு" என்றேன்.