செய்தவன் பேசக் கூடாது

திங்கட்கிழமை

அண்ணா,

அப்பாவின் வேலையைப் பிடுங்கப்போகும் பலகையை வரைந்தது நீதான்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும் என்கிற கூரியரில் இதை உன் ஆபீசுக்கு அனுப்புகிறேன்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு ஓர் அவசர வேலை வந்தது. மடக்கு ஆட்டப் பலகை, அறுபத்திரண்டு. பஞ்சிங் மெஷினில் அப்பா வெட்டினார், ஒட்டும் மேசையில் நான் ஒட்டினேன். பசை தடவும்போதுதான் மூலையில் இருந்த மணல் கடிகாரம் கண்ணில் பட்டது. இடது கால் குட்டை. ஏழாம் வகுப்பிலிருந்து நீ செய்யும் ஆட்டங்களில் எல்லாம் அப்படித்தான் வரைகிறாய்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அந்த அறுபத்திரண்டும் எங்கள் கம்பெனியின் பர்மனென்ட் ஆட்களுக்கே. 'உங்கள் பாதை, உங்கள் முடிவு' என்று மேலே பெரிய எழுத்து. ஆளைக் குறைக்கிறார்கள். இடது பாதையில் போனால் வேறு ஊர்க் கிளையில் வேலை. வலது பாதையில் போனால் புதுத் தொழில் பழகிக்கொண்டு விலகுவது. நடுவில் சீட்டு எடுக்க வேண்டும், குடும்பமா அனுபவமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கேன்டீனில் ஒவ்வொருவரும் ஒரு பாதை வழியாகத் தன் காயைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்னைப் போன்ற கான்ட்ராக்ட் பெண்களுக்குப் பலகை கிடையாது. எங்களை அனுப்ப ஒரு வரி நோட்டீஸ் போதும். அதற்கு ஆட்டம் செய்து விற்கும் உன்னை மாதிரி ஆள் தேவையில்லை.

நான் அதை முழுதாக ஆடிப் பார்த்தேன். நீ கற்றுக்கொடுத்த மாதிரியே, ஒவ்வொரு வழியாகப் பென்சிலால் கோடு போட்டு. பதினொரு வழி இருக்கிறது. பதினொன்றும் 'பயிற்சிக் காலம்' என்ற கட்டத்தில் போய்த்தான் விழுகிறது. அது முடிந்தால் என்ன என்று பலகையில் இல்லை. கூட வந்த நிபந்தனைத் தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது: ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு நிர்வாகத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த வேறு ஊர்க் கிளையில் மெஷின்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்று எங்கள் கம்பெனி லாரி டிரைவரே பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்.

உன்னுடைய 'ஒற்றைக் குழாய்' ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நாலு வீடு, ஒரு குழாய். நம் குடத்தை நிரப்பினால் பக்கத்து வீடு அடுத்த முறை வழிவிடாது. விட்டுக்கொடுத்தால் நம் குடம் காலி. எதைச் செய்தாலும் ஒன்று கையைவிட்டுப் போகும். அதனால்தான் அப்பா ஒரு காயை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் யோசிப்பார். அம்மா "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரையும் கவிழ்ப்பாள். அப்பா தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். "தோத்தாலும் நானாத் தோத்தேன்ல. மெஷின்கிட்ட அதுகூட கிடையாது" என்பார்.

அதற்கு முன்னால் நீ செய்த ஆட்டமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரயில் ஆட்டம். எந்தப் பாதையில் போனாலும் ஒரே ஸ்டேஷனுக்கு வரும். அப்பா இரண்டு தடவை ஆடிவிட்டுக் கேட்டார்: "நான் என்ன செஞ்சாலும் இங்கதான் வரணும்னா, என்னை எதுக்குடா யோசிக்க வெக்கிற?" நீ அன்றைக்கே அதைக் கிழித்துப் போட்டாய். சாப்பிடக்கூட வரவில்லை. ஆக, உனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லாதே. கிழித்ததைத்தான் நீ ஒட்டி விற்றிருக்கிறாய்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தக் கடிகாரத்தை அப்பாவும் கண்டுபிடித்துவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, பெருமை வந்தது. ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். "என் பையன் போட்ட பலகை. அவன் ஏமாத்து ஆட்டம் போடமாட்டான்." அச்சுப் பிரிவு மொட்டையண்ணன் முதலில் கிண்டல்தான் செய்தார். "வேலைய விட்டு அனுப்பவே சீட்டு எடுக்கச் சொல்றானுங்க, செத்தா எத்தனை சீட்டோ" என்றார். இப்போது அவரும் அடங்கிவிட்டார். "நீங்க எங்க வெக்கிறீங்களோ அங்கதான் நானும் வெப்பேன்" என்கிறார். அறுபத்தோரு பேரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு.

நிபந்தனைத் தாளின் பின்பக்கத்தை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆடுறவனுக்கு வழி சொல்லாத" என்று தாளை மடக்கிவிட்டார். அண்ணனையே கேட்போம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் பேசமாட்டாம்மா. செஞ்சவன் பேசக் கூடாது, அதானே அவன் விதி. எனக்குப் புரியுதான்னு பாத்துக்கிட்டு இருக்கான்."

ஒவ்வொரு புது ஆட்டத்தையும் நாங்கள் முதல் தடவை ஆடும்போது நீ வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்காருவாய். எங்கே திணறுகிறோம் என்று பார்ப்பாய், ஒரு வார்த்தை சொல்லமாட்டாய். நீ போனை எடுக்காததை அப்பா அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். நீ எப்போதும் ஒரு வழியை ஒளித்துவைப்பாயே, அதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டாவது வழியை.

கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு வாசகம் இருக்கிறது: 'இது நானாக எடுத்த முடிவு.' அதை எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில், தோற்றுவிட்டுச் சிரித்த ஒரு மனுஷனின் வாயிலிருந்து எடுத்திருக்கிறாய்.

வியாழக்கிழமை பத்து மணிக்குள் அப்பாவுக்குப் போன் செய். வழி இல்லை என்று நீ சொன்னால் நம்புவார், நான் சொன்னால் நம்பமாட்டார். வாயிலிருந்து கையை எடு.

உன் தங்கை


வியாழன் மாலை

அண்ணா,

கூரியர்க்காரரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். சந்தோஷம்.

அப்பா முதல் ஆளாக இடது பாதை வழியாகக் காயைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு மொட்டையண்ணன். அப்புறம் வரிசையாக எல்லோரும். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மேனேஜர் கைதட்டினார். பதினொரு மணிக்கு இரண்டு பிட்டர்கள் வந்து அப்பாவின் பஞ்சிங் மெஷினைத் தரையிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, வித்தாச்சு என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்கள். நான் ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்தேன். எனக்கு நாளையிலிருந்து வேலை இல்லை. எப்படியும் இருந்திருக்காது.

மொட்டையண்ணன் எங்களோடு பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்பாவைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பா இப்போது சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். காயை முதல் கட்டத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப ஆடுகிறார். யார் மேலும் கோபம் இல்லை. எந்த இடத்தில் தப்புச் செய்தோம் என்று தேடுகிறார், அவ்வளவுதான். அம்மா தட்டை வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறாள். பலகை பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்திருக்கிறார். கொஞ்சம் முன்னால் என்னைக் கூப்பிட்டார். "ஆட்டம் முடிஞ்சப்புறம் செஞ்சவன் பேசலாம்ல? எங்க தப்புன்னு இப்ப சொல்லுவான் பாரு" என்றார்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அதை அம்மாவுக்காக எழுதுகிறேன். எனக்காக எழுதுவது இது ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்துவிட்டது. பேசு.

உன் தங்கை