படிவத்தில் இல்லாத தங்கை

எவ்வளவு கோபம் இருந்தாலும் என் பிரியம் குறையாத அப்பா,

நீங்கள் போய் ஏழு வருடமாகிறது. இதுவரை உங்களுக்கு எழுதத் தோன்றியதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. இப்போது எழுதுகிறேன் என்றால், உங்களிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் செய்தி. ஜெனீவாவில் இலங்கையின் மனித உரிமை பற்றிய தீர்மானம் மறுபடியும் வந்தது. நம் நாடு மறுபடியும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. நீங்கள் இருந்த காலத்தில் ஒருமுறை ஆதரித்து வாக்களித்தார்கள். அன்று கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் நீங்கள் வர்க்கி வாங்கிக் கொடுத்தீர்கள். பிறகு ஒதுங்கத் தொடங்கியபோது டிவியை அணைத்துவிட்டு, "இவனுகளுக்கு அங்கன யாவாரம் இருக்கு" என்றீர்கள்.

இந்த முறை அதற்கு அடுத்த செய்தியே, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நம் அரசு கட்டிக்கொடுத்த வீடுகள். ஒரு பெண் சாவியை வாங்கிக்கொண்டு அழுதார். அந்த வீட்டை நான் குறை சொல்லமாட்டேன். லயத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில் பிறந்தவள் எப்படிச் சொல்வேன்? அங்கே அடுப்பெரியாத மாதங்களில் நம் கப்பலில் போன அரிசியையும் மருந்தையும்கூடக் குறை சொல்லமாட்டேன். பசித்தவர்கள் சாப்பிட்டார்கள். ஆனால் வீடு கொடுக்க நீளும் அதே கை, அந்தத் தீவில் காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்கும் சபையில் ஏன் மேஜைக்கு அடியில் போய்விடுகிறது? கேட்டால், நாம் விலகினால் வேறொரு நாடு அந்தத் தீவின் துறைமுகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும் என்கிறார்கள். இருக்கட்டும். அப்படியானால் துறைமுகத்துக்காகத்தான் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதற்கு மனிதாபிமானம் என்று பெயர் எதற்கு?

இதைக் கல்லூரி ஆசிரியர் அறையில் சொன்னேன். பொருளாதாரம் நடத்துகிறவர் சிரித்தார். "ஏனுங்க மேடம், உங்க ஊருக்கு நம்ம கவர்ன்மென்ட் இத்தனை செய்யுது. இன்னும் என்னங்க வேணும்?"

"எதுங்க எங்க ஊரு?"

"அட, சிலோன்தானுங்களே!"

மூன்று வயதில் இந்த மலைக்கு வந்தவள் நான். நாற்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் வெளியுறவுக் கொள்கை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த நாடு, நீங்கள் எங்கள் குடிமக்கள் இல்லை என்றது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. விண்ணப்பம் போட்டு, இந்திய பாஸ்போர்ட் வாங்கி, கப்பலேறி வந்து, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறித்தோம். உங்கள் ஒரே தங்கை பாக்கியம் அத்தை வரவில்லை. கட்டிக்கொண்டு போன வீடு அங்கேயே நின்றுவிட்டது. கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கே போர் வந்தது. மாமாவைப் பறிகொடுத்துவிட்டு அத்தை தனியாகப் படகேறி ராமேஸ்வரம் வந்தார். மலைக்குக் கீழே ஒரு அகதி முகாமில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார்.

சட்டத்தின் கண்ணில் அவர் அனுமதியின்றி நுழைந்தவர். குண்டுக்குப் பயந்து படகில் வந்தவளிடம் விசா எங்கே என்று கேட்கிறார்கள். அண்டை நாடுகள் மூன்றிலிருந்து தப்பி வந்தவர்களுக்குக் குடியுரிமை என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதில் அந்தத் தீவின் பெயர் இல்லை. அங்கே இருக்கிற தமிழர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று நம் அரசு அறிக்கை விடும்போதெல்லாம் நான் அத்தையை நினைத்துக்கொள்வேன். மாதாமாதம் அதிகாரி வந்து ஆள் இருக்கிறாளா என்று பார்க்கிற நாளில் அவர் வெளியே போகக்கூடாது. நீங்கள் இறந்த அன்றும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருந்தார். அத்தை கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தபோது உங்களை எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. யாருடைய உரிமையைப் பற்றி அப்பா இவர்கள் பேசுகிறார்கள்?

இப்போது அத்தைக்காக ஒரு வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். இந்திய வம்சாவளி என்று நிரூபித்தால் குடியுரிமைக்கு வழி இருக்கிறதாம். அடுத்த மாதம் விசாரணை. அத்தையின் பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பாஸ்போர்ட்டிலும் தாத்தாவின் பெயரும் தோட்டமும் ஒன்றாகவே இருக்கின்றன. இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று உங்கள் பைலை எடுத்துப் பார்த்தேன். இந்தியக் குடியுரிமை கேட்டு நீங்கள் கண்டி ஆபீசில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் இருந்தது.

உடன்பிறந்த மணமாகாத பெண்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. உங்கள் கையெழுத்து. லயத்தில் எல்லார் வீட்டுப் படிவத்தையும் எழுதிக்கொடுத்தது நீங்கள்தான் என்று பெருமையாகச் சொல்வீர்களே, அதே கையெழுத்து.

கண்டி ஆபீஸ் கிளார்க் என் தங்கச்சி பேரை விட்டுட்டான் என்றுதானே வாழ்நாள் முழுக்கச் சொன்னீர்கள்? முகம் தெரியாத அந்த மனிதரை நம் வீட்டில் எத்தனை வருடம் திட்டியிருக்கிறோம்! ஏன் அப்பா?

வக்கீல் சின்னப் பெண். படிவத்தைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மேடம், இத உள்ள வைங்க. கிளார்க் விட்டதாவே இருக்கட்டுங்க. அண்ணனே தங்கச்சி இல்லைன்னு எழுதியிருக்காருன்னு தெரிஞ்சா ஆபீஸ்காரங்க மறுக்குறதுக்கு அதொண்ணே போதும்."

ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் பஸ் பிடித்து முகாமுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அத்தை பிளேன்டீ போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் புள்ள," என்றார்.

"எப்ப இருந்து?"

"அண்ணன் எழுதுன அன்னைக்கே. நாந்தான் பக்கத்துல நின்னேன். பரிசம் போட்டாச்சு, இனி பாக்கியம் அந்த வீட்டு ஆளு, அவுக படிவத்துல வரட்டும்னான்."

"அவுங்க எழுதலையா?"

"தாலி ஏறாத புள்ளைய நம்ம பேருல எழுதுனா ஊரு என்னா சொல்லும்னுட்டாங்க. அப்புறம் அந்த வீட்டுல ஒரு சாவு, கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப் போச்சு. படிவம் வாங்குற நாளும் முடிஞ்சு போச்சு. என்னைய விட்டுட்டுப் போக முடியாம அவுகளும் அங்கனயே நின்னுட்டாங்க." அத்தை சிரித்தார். "ரெண்டு வீட்லயும் மரியாதையாத்தான் புள்ள என்னைய விட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் படிவத்தை விசாரணையில் கொடுக்கப் போகிறேன் என்றேன். அத்தையின் முகம் மாறியது.

"வேணாம். அண்ணன ஆபீசுல காட்டிக்குடுக்காத. அந்த நாடும் வேணாம்னுச்சு, இந்த நாடும் வேணாங்குது. கூடப் பொறந்தவனும் வேணாம்னான்னு எழுதிக்குடுத்தா, நான் யாரு புள்ள அப்புறம்?"

நான் வாதாடினேன். மூலப்படிவம் அவர்களிடமே இருக்கலாம், நாளைக்கு அதை எடுத்துக் காட்டினால் நாம் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது என்று நாட்டின் மேல் இத்தனை கோபப்பட்டுவிட்டு, என் வீட்டுக் காகிதத்தை மட்டும் பைலுக்குள் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதை அத்தையிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா, உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். வழக்கத்தை நம்பி ஒரு சொல் எழுதினீர்கள். அது தவறு என்று தெரிந்த பிறகு பழியைக் கிளார்க் மேல் போட்டீர்கள். இரண்டாவதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் நீங்கள் ஒரு கூலித் தொழிலாளி. ஒரு மாலையில், ஒரு பேனாவால் செய்த தவறு அது. அதைத் திருத்த இரண்டு அரசுகளுக்கு அரை நூற்றாண்டு இருந்தது. அவர்களிடம் தூதரகம் இருந்தது, கப்பல் இருந்தது, கோப்பு இருந்தது. வீடு கட்டிக் கொடுக்கிற அக்கறைகூட இருந்தது. ஒரு பெண்ணின் பெயரைச் சேர்க்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்து என் கையைப் பிடித்தார். "சரி, குடு. ஆனா இல்லைன்னு எழுதுனான்னு மட்டும் சொல்லிட்டு வந்துறாத. என்னைய அடுத்த வீட்டுக்குன்னு நெனச்சு எழுதுனான். வேணாம்னு எழுதல. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். பரிசத்தையும், தள்ளிப்போன கல்யாணத்தையும், ஒருவரை ஒருவர் நம்பிய இரண்டு வீடுகளையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதிகாரி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நல்லதை எதிர்பார்க்கிற சுபாவமும் எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் மறுத்தால் நீதிமன்றம் போவேன். அங்கேயும் மறுத்தால் அதற்கு மேலே போவேன். எந்த மேஜைக்கு முன்னால் யார் கேட்டாலும், அந்த 'இல்லை' யார் எழுதியது, ஏன் எழுதியது என்று உங்கள் பெயரைச் சொல்லியே பதில் சொல்வேன். அத்தை உயிரோடு இருக்கும்போதே அவர் இந்த நாட்டுக்காரர் என்ற காகிதத்தை அவர் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை பாக்கியத்தின் அண்ணன் மகள்,
தேவகி