ஆற்றுக் குளியலும் முதுகுத் தழும்பும்

ஐப்பசி 4, செவ்வாய்

விடாத தூறல். கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே மலை தெரியவில்லை. படப்பிடிப்பு ரத்து.

டைரக்டர் புதுக் காட்சி சேர்த்திருக்கிறார். கதாநாயகி, அதாவது நான், ஆற்றில் குளிக்க வேண்டும். வெள்ளைப் புடவை, ரவிக்கை கிடையாது. பாட்டு உண்டு.

கதைப்படி, புருஷனிடம் அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு ஓடுகிறவள். நடுவில் எதற்குக் குளியல்?

"கதைக்கு இல்லேம்மா, கொட்டகைக்கு" என்றார்.

ஐப்பசி 5

தலைவலி. சுக்குக் காபி. உடுப்பு கவனிக்கும் பாவாயியிடம் சொன்னேன். "முடியாதுன்னு சொல்லீருங்க. வேற ஆளப் போட்டாப் போடட்டும்" என்றாள். அவளுக்குச் சுலபம். நாடகக் கம்பெனி கலைந்தபின் எனக்கு வேறு போக்கிடம் ஏது?

உடம்பைக் காட்டுவதே தப்பு என்றும் தோன்றவில்லை. பஞ்சாயத்துக் காட்சியில் அடிபட்டதைப் பக்கம் பக்கமாக அழுது சொல்கிறேன். திரும்பி நின்று முதுகில் வரைந்த தழும்பைக் காட்டினால் வசனமே வேண்டாம்.

ஐப்பசி 7

டைரக்டரிடம் கேட்டேன். பதறிவிட்டார். "குடும்பப் பெண் சபையில முதுகைக் காட்டறதா? யுத்தத்துல பிலிமும் கிடைக்கல."

"ஆத்துல காட்டறதுக்கு மட்டும் பிலிம் இருக்குதுங்களா?"

பிறகு பேரம். குளித்தால் முதுகையும் எடுப்பாராம். ஒப்புக்கொண்டேன். சரிதானா, தெரியவில்லை.

ஐப்பசி 12

இரண்டும் முடிந்தன. ஆற்றில் குளிர் தாங்கவில்லை, இன்னும் தும்மல். முதுகைக் காட்டியபோது விளக்குப் பிடிப்பவர்கள் தலை குனிந்தார்கள். குளியலின்போது ஒருவரும் குனியவில்லை.

தை 9, நாமக்கல்

முக்காடு போட்டுக்கொண்டு பாவாயியோடு கொட்டகையில், பெண்கள் பக்கம். மணல் தரை, மூட்டைப்பூச்சி இல்லாததே நிம்மதி.

குளியலுக்கு ஒரே விசில். எதிர்பார்த்ததுதான். முதுகுக்கும் விசில். அதை எதிர்பார்க்கவில்லை. ஆற்றில் பார்க்கப் பழக்கிவிட்ட கண், பஞ்சாயத்திலும் அதையேதான் தேடுகிறது. முதுகுக் காட்சியை வாங்கக் குளியலை விற்றேன், வாங்கியதும் கெட்டது. அழுகை வந்தது.

படம் விட்டதும் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தட்டி மறைவுக்கு இழுத்துப்போய்ச் சேலையை விலக்கினாள். முதுகெல்லாம் தழும்பு. பழையதும் புதியதும்.

"புருசன் அடிக்கறான்னு எத்தனையோ தடவ சொன்னேனுங்க, எங்கம்மா 'பொறுத்துப் போ'ன்னாங்க. இன்னைக்கி நீங்க திரும்பி நின்னதும் எம்பட கையப் புடிச்சுக்கிட்டாங்க. 'இனி அங்க போவேண்டாம் சாமி, நம்மூட்டுக்கு வந்துரு'ன்னுட்டாங்க."

தட்டிக்கு அப்பால், மகளைப் பார்க்க வந்திருந்த தாயார் ஊர் திரும்பும் மூட்டையோடு நின்றிருந்தாள். இருவரும் வண்டி ஏறினார்கள்.

நாளை டைரக்டரிடம் குளியலை வெட்டச் சொல்ல வேண்டும். கேட்கமாட்டார். சொல்ல வேண்டும்.